ஊறுகாய் போத்தலில் காகிதப் பூ

நம் ஊரில் வசந்தம் என்று தனியாக ஒரு காலம் கிடையாது. சீனப் பெருநாள் வெடியெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு வெயில் காயும். புல் வெந்து, வாசல் சிமெண்டு கொதித்து, குழாய்த் தண்ணீர்கூடச் சூடாக வரும். பிறகு ஒரு நாள் மத்தியானம் வானம் கறுத்து முதல் மழை கொட்டும். கொட்டின கையோடு வாசலில் இருக்கிற செடி அத்தனையும் போட்டி போட்டுக்கொண்டு பூக்கும். எதிர் வீட்டு அக்கா அதைப் பார்த்து வருஷா வருஷம் ஒன்று சொல்வார்:

"இதுங்களுக்கு என்னா, கரண்டு பில்லா, கார் லோனா? ஜாலியா பூத்துக்கிட்டு நிக்குதுங்க."

மனிதர்கள் இப்படிப் போகிற போக்கில் சொல்வதையெல்லாம் நான் மனத்தில் போட்டு வைத்துக்கொள்கிறவள். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. மிச்சத்தை ஜனங்கள் பேசக் கேட்டும், சாமான் சுற்றி வந்த பத்திரிகைத் தாளைப் பிரித்து வாசித்தும் சேர்த்துக்கொண்டேன். ஆனால் இந்த வருஷம் அக்கா அதைச் சொன்னபோது எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

புக்கிட் ரம்பாயில், தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருக்கிற வரிசை வீடுகளில் எங்களுடையது ஒன்று. என் வீட்டுக்காரர் ஆயுசு முழுக்க லோரி ஓட்டினவர். இனிப்பு நீர் வந்து, அது சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்து, இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரத்தம் கழுவப் போகவேண்டும். காலையில் வேன் வரும். அவரைக் குளிப்பாட்டி, சட்டை மாட்டி, கைத்தாங்கலாகக் கொண்டுபோய் ஏற்றிவிடுவேன். மத்தியானம் பிழிந்துபோட்ட துணி மாதிரி திரும்பி வருவார். மறுநாள் கொஞ்சம் தெளிவார். தெளிந்த மறுநாள் மறுபடி வேன்.

திடீரென்று ஒரு காலையில் சட்டையை மாட்டிக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார்.

"போதும்லா. இனிமே நான் போவல."

கெஞ்சினேன், திட்டினேன். சிங்கப்பூரிலிருந்து மகள் போனில் அழுதாள். அவர் கேட்டுவிட்டுப் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். வேன் ஹாரன் அடித்து அடித்து, கடைசியில் போய்விட்டது. ரத்தம் கழுவுகிற நிலையத்திலிருந்து தாதி கூப்பிட்டார். "இன்னொரு தடவ விட்டா தண்ணி நெஞ்சுல ஏறிடும், ஆண்ட்டி. அப்புறம் எங்க கையில இல்ல" என்றார். அடுத்த வேன் வருவதற்குள் இவர் மனம் மாறவேண்டும். எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான். மற்றதெல்லாம் அசதி. தூங்கினால் போகிற அசதி இல்லை. அரிசியைக் கழுவிவிட்டோமா இல்லையா என்று பானை முன்னால் நின்று யோசிக்கிற அசதி.

அன்று சாயங்காலம் மழை விட்டதும், படுத்த வாக்கிலேயே கேட்டார்:

"காயிதப் பூ பூத்திருச்சா?"

வேனைத் திருப்பி அனுப்பியதிலிருந்து அவராக வாய் திறந்து கேட்டது அதுதான். அந்தக் காகிதப் பூச்செடி அவர் வைத்தது. டுரியான் துங்காலில் இருக்கிற அவருடைய கூட்டாளி வீட்டிலிருந்து ஒரு குச்சியை ஒடித்து வந்து நட்டார். கூட்டாளியும் லோரிக்காரர்தான். இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் காலம் தள்ளினவர்கள். அவர் மட்டும் இன்னும் அங்கே ஸ்டோரில் வேலை செய்கிறார்.

"பூத்திருக்குங்க. சுவரே தெரியல" என்றேன்.

"கொண்டா பாப்போம்."

நமக்குப் பூப் பறிப்பது என்றால் ஒரே வழிதான் தெரியும். குளித்துவிட்டு, தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு போய், பூவின் கழுத்தைக் கிள்ளி நிரப்பவேண்டியது. சாமிக்குக் காம்பு எதற்கு? கட்டித் தலையில் வைக்கவும் விரல் நுனிக் காம்பு போதும். நானும் அப்படியே செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப் பூ எல்லாம் கிள்ளி, மேலே காகிதப் பூவைத் தூவித் தாம்பாளத்தை நீட்டினேன்.

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "என்னா, எனக்கு அர்ச்சனையா?"

"கேட்டீங்களேன்னு..."

"செடியில இருக்குறாப்புல பாக்கணும்லா. காம்போட வெட்டியா."

மறுபடியும் போனேன். கறிவேப்பிலை வெட்டுகிற கத்தரிக்கோலால் முழ நீளத்துக்குக் கிளைகளை வெட்டினேன். மொட்டோடும் இலையோடும் வெட்ட மனசு கூசியது. காகிதப் பூ முள் இரண்டு இடத்தில் கையைக் கிழித்தது. சாமியும் கேட்காது, கொண்டையும் கேட்காது அந்தப் பூவை. மணம் இல்லை, முள் உண்டு. மழைக்கு மட்டும் தலை காட்டுகிற ரோஸ் நிற லில்லியையும் ஒரு பிடி எடுத்துக்கொண்டேன்.

எடுத்து வந்தாகிவிட்டது. எதில் வைப்பது? எங்கள் வீட்டில் பூச்சாடி என்று ஒன்று இருந்ததே இல்லை. பெரிய ஊறுகாய் போத்தலைக் கழுவித் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றை நிறுத்தினால் ஒன்று சாய்ந்தது. காகிதப் பூ ஒரு பக்கம் இழுத்தது, லில்லி உள்ளே முங்கிப்போனது. பொறுத்துப் பார்த்துவிட்டு நூலை எடுத்து எல்லாவற்றையும் சேர்த்து இறுக்கிக் கட்டினேன். கட்டத் தெரிந்த கை அது, வேறு என்ன செய்யும்?

"அவுத்து வுடு," என்றார். "அதுக்கு மூச்சு முட்டுது."

அவிழ்த்தேன். சாய்கிறதைச் சாயவிட்டேன். காகிதப் பூக் கிளை போத்தல் வாயில் முட்டுக்கொடுத்துக்கொண்டு வெளியே தொங்கியது. அது விட்ட இடத்தில் செம்பருத்தி நின்றது, செம்பருத்தியின் தோளில் லில்லி. நான் செய்தது ஒன்றுமில்லை. கையை எடுத்தேன், அவ்வளவுதான். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். படுக்கை அறைச் சன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான். செடிகளையும் பார்க்கட்டுமே என்று, மறுநாள் காலையில் கட்டிலைக் கூடத்து நடுவில் இழுத்துப் போட்டு, தலைமாட்டில் ஒரு முக்காலி வைத்து, அதன்மேல் போத்தலை வைத்தேன்.

"நாளைக்கு வேன் வரும்" என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"பூவ மட்டும் காட்டு. வேனக் காட்டாதே."

அன்று மத்தியானம் திரும்பவும் மழை. எங்கேயோ மரம் விழுந்து கரண்டு போய்விட்டது. வீடு இருட்டிக்கொண்டு வந்ததால் காமாட்சி விளக்கை ஏற்றி, வேறு இடம் இல்லாமல், பூவுக்குப் பக்கத்தில் வைத்தேன். சாரல் காற்று காதுக்குள் போகிறது, பல்லும் வலிக்கிறது என்றார். வெள்ளைத் துண்டை எடுத்துத் தாடைக்குக் கீழே கொடுத்துக் காதோடு சேர்த்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டுவிட்டேன். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன். அவர் கண் மூடினார். ஈரத் தலையை உலர்த்த முடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்தேன். அவர் கால்மாட்டில் தலையைச் சாய்த்தது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் ஒன்றும் ஞாபகம் இல்லை.

எதிர் வீட்டு அக்கா மழை விட்டதும் பலகாரம் கொண்டு வந்தாராம். கிரில் கம்பி வழியாக உள்ளே பார்த்திருக்கிறார். கூடத்து நடுவில் கட்டில். தலைமாட்டில் விளக்கு, பூ. மனுஷனுக்கு வாய்க்கட்டு. காலடியில் தலைவிரி கோலமாகப் பெண்டாட்டி. நம் ஆளுங்கள் யார் பார்த்தாலும் அதற்கு ஒரே அர்த்தம்தான். அக்கா கூப்பிடவில்லை. "ஒத்தையா அழுவட்டும், கொஞ்சம் ஆறட்டும்னு வுட்டேன்" என்று பிறகு சொன்னார். நேரே வீட்டுக்குப் போய், எங்கள் தாமான் குடியிருப்புப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டுவிட்டார்.

நான் கண் விழித்தது ஒப்பாரி கேட்டுத்தான். அக்கா என் தோளைக் கட்டிக்கொண்டு அழுகிறார். வாசலில் செருப்புகள். நாலைந்து பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். கோயில் கமிட்டி ஆள் ஒருவர் கதவுப் பக்கம் நின்று போனில், "கெம்போத்த வாசல்லயே போட்டுரலாம், ரோட்டு வரைக்கும் வேணாம்" என்று கூடாரத்துக்கு இடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நானும் நம்பிவிட்டேன். தூக்கத்தில் போய்விட்டார் போல என்று நினைத்தேன். திரும்பி அவர் முகத்தைப் பார்க்கக் கழுத்து வரவில்லை. அழுகையும் வரவில்லை. எழுந்திருக்கவேண்டுமே, இத்தனை பேருக்கும் காப்பி கலக்கவேண்டுமே என்றுதான் தோன்றியது.

அப்போது துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"யாருக்கா செத்தது?"

அக்கா போட்ட சத்தத்தில் தெருநாய் குரைத்தது. ஒரு பெண் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். கமிட்டிக்காரர் போனில், "இரு இரு, கெம்போ வேணாம். ஆளு பேசுறாரு" என்றார்.

"தம்பி, நீ சாவலயா?" என்று அக்கா கேட்டார், ஏதோ ஏமாற்றிவிட்ட மாதிரி.

"பல்லுவலிக்கா."

அந்த நேரத்தில்தான் டுரியான் துங்கால் கூட்டாளி காரை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். செய்தி அங்கே வரைக்கும் போயிருந்தது. வரும் வழியில் தெங்கேராவில் இறங்கி, கழுத்து கொள்ளாத சாமந்தி மாலை ஒன்று வாங்கியிருந்தார். மாலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, "டேய், என்ன வுட்டுட்டுப் போய்ட்டியேடா" என்று அலறிக்கொண்டே உள்ளே வந்தவர், தலையணையில் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து அப்படியே நின்றார். நின்று, அப்புறம்தான் நிஜமாகவே அழுதார். அழுது முடித்ததும் கோபம் வந்தது.

"மேனேஜர்கிட்ட என்னா சொல்லிட்டு வந்தேன் தெரியுமா? கூடப் பொறந்த தம்பி செத்துட்டான்னு சொல்லி அவசர லீவு வாங்கிட்டு வந்தேன். நாளைக்கு அடக்கத்துக்கும் சேத்து வாங்கிட்டேன். இனிமே நீ உண்மையிலயே செத்தாலும் எனக்கு லீவு கிடைக்காதுலா!"

என் வீட்டுக்காரர் துண்டு முடிச்சை அவிழ்க்காமலே சிரித்தார். சிரித்ததில் பல் வலித்து முகத்தைச் சுளித்தார், சுளித்துக்கொண்டே மறுபடி சிரித்தார். அந்தச் சத்தம் இந்த வீட்டில் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்றோ. எனக்குச் சேர்ந்து சிரிக்கத் தோன்றவில்லை. அடுப்படிக்குப் போய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். எப்படியும் காப்பி கலக்கத்தான் வேண்டியிருந்தது.

வந்தவர்கள் யாரும் உடனே போகவில்லை. சாவு வீட்டுக்கு என்று கிளம்பி வந்தவர்களுக்குத் திரும்பிப் போவது எப்படி என்று தெரியவில்லை. கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து பழைய லோரிக் கதைகளைப் பேசினார்கள். கழுவப் போகமாட்டேன் என்கிறாராம் என்று அக்கா போட்டுக்கொடுக்க, ஆளாளுக்கு ஏசினார்கள். கூட்டாளி மட்டும் ஏசாமல், போத்தலில் தொங்கிய காகிதப் பூவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நம்ம வூட்டுக் குச்சிதானே?"

"உன் வூட்டுதுதான்."

பொழுது சாய்ந்து எல்லாரும் எழுந்தபோது மாலை மிச்சமாகிப் போனது. செத்தவருக்கென்று வாங்கிய மாலையைச் சாமிக்குப் போட முடியாது. திருப்பிக் கொடுக்கவும் முடியாது. "வூட்டுல வெக்காதே, ஆத்துல வுட்டுரு" என்றார் அக்கா.

"எனக்கு வாங்குனதுதானே? எங்கிட்டயே இருக்கட்டும்" என்றார் இவர்.

நான் நூலை அறுத்தேன். காம்பில்லாத பூவென்றால் என் கைக்குப் பழக்கம். அவர் கால் கழுவுகிற பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் பிடித்து, சாமந்தியை எல்லாம் கொட்டினேன். அவை தாமாகவே பரவி மிதந்தன. போத்தலுக்குக் கீழே பேசினை வைத்தேன்.

மறுநாள் காலை நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் திராணி இல்லை. சட்டையைக் கட்டில் விளிம்பில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வேன் ஹாரன் கேட்டது. அவர் போத்தலைப் பார்த்தார், பேசினைப் பார்த்தார். பிறகு ஒரு கையைச் சட்டைக்குள் விட முயன்றார்.

"சாவுறதுக்கு இந்த மாசம் தோதுப்படாது," என்றார். "அவனுக்கு லீவு முடிஞ்சு போச்சு."

மற்றக் கையை நான் மாட்டிவிட்டேன். அடுத்த தடவை என்ன சொல்வாரோ தெரியாது. அந்தப் பேச்சுக்குள் நான் போகவில்லை. அவரை ஏற்றி, வேன் கதவைச் சாத்தி, அது முனை திரும்புகிறவரைக்கும் நின்றேன்.

உள்ளே வந்து, சுருண்டுபோன செம்பருத்தியைப் போத்தலிலிருந்து உருவிப் போட்டேன். தண்ணீர் வாடை அடிக்க ஆரம்பித்திருந்தது, மாற்றினேன். வாடாமல் நின்றது காகிதப் பூ ஒன்றுதான். அவர் கட்டில் காலியாகக் கிடந்தது. வேன் திரும்பி வர மத்தியானம் ஆகும். படுப்பதற்கு முன்னால் எதிர் வீட்டுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, நான் கொஞ்சம் படுக்கப் போறேன். ஹால்லதான். யாருக்கும் மெசேஜ் போட்டுறாதீங்க."



"பூவத் தள்ளி வெச்சிட்டுப் படுடி" என்றார் அக்கா.