கை நீட்டிக் காட்டிய ஊர்

போன கிழமை எங்கள் வெம்பிளித் தெருவில் தண்ணீர்க் குழாய் மாற்றுவதற்காக றோட்டைக் கிண்டிப் பள்ளமாக்கிப் போட்டிருந்தார்கள். வேலைக்குக் கிளம்பிய நான் அந்தக் கிடங்குக்குப் பக்கத்தில் நின்றுவிட்டேன். அடிமண் வாசம். வெயிலே படாத, குளிர்ந்த, துருப்பிடித்த இரும்பை முகர்ந்தது போன்ற வாசம். இரண்டு பஸ் போய்விட்டது. வேலை செய்துகொண்டிருந்தவர் ஏதாவது தொலைத்துவிட்டீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அந்த வாசத்தோடு நான் இரண்டு வருடம் வாழ்ந்திருக்கிறேன். எண்பதுகளின் நடுவில் ஜெர்மனிக்கு அகதியாகப் போனபோது, எங்களில் ஆறு பேரை லிண்டன்ராட் என்ற ஊருக்கு அனுப்பினார்கள். ஊர் என்றால் ஒரே தெரு. தெரு வளைகிற இடத்தில் ஒரு குளம், எதிரே தேவாலயம், பின்னால் சவக்காலை. சுற்றிவரச் சீனி எடுக்கிற பீட்ரூட் வயல்கள். மூடிக்கிடந்த விடுதி ஒன்றின் மேல்மாடியில் எங்களுக்கு மூன்று அறைகள். வேலை செய்ய அனுமதி இல்லை; மாவட்டத்தைத் தாண்டவும் அனுமதி இல்லை. ஆகவே அந்தத் தெருவை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அளப்பதுதான் எங்கள் முழுநேர உத்தியோகம்.

எதிர்வீட்டில் ஒரு விதவை தனியாக இருந்தார். ஃபிராவ் ஷ்மிட்ஸ். 'ஃபிராவ்' என்றால் திருமதி என்று தெரியாமல், அதுதான் பெயராக்கும் என்று நினைத்து, ஆறு மாதமாக அவரை "ஃபிராவ் அக்கா" என்று கூப்பிட்டேன். மனுசி ஒருநாளும் திருத்தவில்லை. பிறகு சரியாகக் கூப்பிட்டபோது முகம் வாடிப்போனது. பழையபடி அக்காவாக்கிவிட்டேன்.

எங்களில் ஜெர்மன் பாசை பிடிபட்டது மரியதாசுக்கு மட்டும்தான். மன்னார்ப் பெடியன், கத்தோலிக்கன், இருபத்திரண்டு வயது. ஞாயிறு பூசைக்குப் போய்ப் போய் முழு ஊருக்கும் அவனைத் தெரியும். ஃபிராவ் அக்கா சொல்லும் ஊர்க்கதைகளை அவன்தான் எனக்குத் தமிழில் சொல்லுவான். யுத்தத்தில் தேவாலய மணியை இறக்கிக் குண்டு செய்ய உருக்கியது, அவருடைய புருசன் ரஷ்யாவுக்குப் போய்த் திரும்பாதது, பஞ்ச காலத்தில் பீட்ரூட்டைக் காய்ச்சிப் பாகெடுத்துப் பிள்ளைகளை வளர்த்தது. அந்தப் பாகை எங்களுக்கும் ஒருமுறை தந்தார். எனக்கு அது கருகின பனங்கட்டி. மரியதாஸ் மட்டும் பாணில் பூசிப் பூசிச் சாப்பிட்டான்.

ஊருக்குக் கிழக்கே நிலக்கரிச் சுரங்கம். கிணறு மாதிரி இறங்குகிற சுரங்கமில்லை. நிலத்தையே உரித்துக்கொண்டு வருகிற ஒரு பெரும்பள்ளம். தேவாலயக் கோபுரத்தைவிட உயரமான இயந்திரங்கள் பெரிய சக்கரங்களைச் சுழற்றி மண்ணை அள்ளும். காற்று அங்காலிருந்து வீசினால் அதே அடிமண் வாசம் எங்கள் சமையலறை வரை வரும். "ஒருநாள் எங்கட ஊரையும் அது தின்னும்" என்று ஃபிராவ் அக்கா சொன்னாராம். பெரிய நாடு, சட்டம் உள்ள நாடு, ஒரு ஊரையே அப்படி எடுப்பார்களா என்று நாங்கள் நம்பவில்லை. எங்கள் ஊர்கள் எரிந்துகொண்டிருந்த காலத்தில் இப்படியொரு நம்பிக்கை எங்களுக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது.

இரண்டாவது கார்த்திகையில், முகில் தரைக்கு இறங்கிக் கிடந்த ஒரு காலை, மரியதாஸ் சைக்கிளில் பக்கத்து ஊருக்குப் போனான். தாய்க்குக் கடிதம் போட. பீட்ரூட் ஏற்றி வந்த லொறிக்கு அவன் தெரியவில்லை.

நாட்டுக்கு அனுப்ப வழியில்லை. லிண்டன்ராட் சவக்காலையில், ஃபிராவ் அக்காவின் குடும்பக் கல்லறைக்கு அடுத்ததாக அடக்கம் செய்தோம். சைவக்காரனான நான்தான் சிலுவை தூக்கிக்கொண்டு முன்னால் போனேன். அன்று பின்னேரமே அவனுடைய தாய்க்கு எழுதினேன். 'அம்மா, கல்லறையைப் பார்க்க நான் இருக்கிறேன். எந்தக் காலத்திலும் கைவிட மாட்டேன்.' தாய் எழுதிய பதிலில் என்னை, பெற்ற மகனைக் கூப்பிடுவதுபோல, 'மோனை' என்று விளித்திருந்தார்.

எட்டு மாதத்தில் நான் லண்டனுக்கு வந்துவிட்டேன். அகதி வழக்கை நிராகரித்துவிடுவார்கள் என்ற பயம். தோர்ண்டன் ஹீத்தில் ஒரு வீட்டில் ஒன்பது பேர், பெற்றோல் செற்றில் ஷிப்ட் வேலை. கல்லறையை ஃபிராவ் அக்கா பார்த்துக்கொண்டார். வருடா வருடம் மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு படம் வரும்: பூச்சாடி, மெழுகுதிரி, அவன் பெயர். அதை அப்படியே மன்னாருக்கு அனுப்புவேன். பிறகு கலியாணம், வெம்பிளிக்கு வீடு மாறினேன். ஃபிராவ் அக்காவுக்குப் புது விலாசத்தை அனுப்பவில்லை. அனுப்ப வேண்டும் என்று ஒவ்வொரு கிழமையும் நினைத்தேன். அவ்வளவுதான், இதற்கு மேல் எனக்குச் சாட்டுக் கிடையாது.

ஒன்றரை வருடம் கழித்துப் பழைய வீட்டு நண்பர் ஒரு ஜெர்மன் கடிதத்தைக் கொண்டுவந்து தந்தார். "இது காஸ் பில்லுகளோட கிடந்தது, அண்ணை." ஜெர்மன் படிக்கிற ஒரு மாணவியிடம் கொடுத்து வாசிப்பித்தேன். ஃபிராவ் அக்காதான் எழுதியிருந்தார். லிண்டன்ராட்டை இடிக்கப்போகிறார்கள். ஊரை வேறு இடத்தில் கட்டுகிறார்கள். கல்லறைகளையும் கொண்டுபோவார்கள், உறவினர் கையெழுத்து வேண்டும். நான் போட்ட கையெழுத்தை ஏற்கவில்லை, இந்தக் கிழவி அவனுக்கு யாரும் இல்லையாம். தாயிடம் வாங்கி உடனே அனுப்பு. யாரும் கேட்காதவர்களை எல்லாம் சேர்த்து ஒரே குழியில் போடுவார்கள். கடைசி வரியை அந்தப் பிள்ளை இரண்டுதரம் வாசித்தாள்: 'ஃபிராவ் அக்கா காத்திருக்கிறேன்.'

கடிதத்தின் திகதி ஒரு வருடம் பழையது. நான் எழுதிய பதில் திரும்பி வந்தது. பெறுநர் காலமானார்.

தொண்ணூறுகளின் கடைசியில் மரியதாசின் தாய் மதலேனம்மா லண்டனுக்கு வந்தார். மகள் கூப்பிட்டு எடுத்தாள். தோர்ண்டன் ஹீத்தில் அவர்கள் வீட்டுக்கு நான் போன முதல் ஞாயிறே கேட்டார்: "மோனை, என்ர பிள்ளையிட்ட எப்ப என்னைக் கூட்டிக்கொண்டு போறாய்?" சொல்லியிருக்க வேண்டும். கோழிக்கறியைப் பிசைந்துகொண்டு, "விசா வரட்டும் அம்மா, போவம்" என்றேன். அந்த விசாவும் வந்துவிட்டது; அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

புது ஊரில் எல்லாம் புதிது. மரங்களுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். சவக்காலையின் மூலையில், பழைய இடத்திலிருந்து கொண்டுவந்தவர்களுக்கு என்று ஒரு பொதுக்கல். அதில் பெயர்கள் இல்லை. மதலேனம்மா கொண்டுவந்த மெழுகுதிரியைக் கொளுத்தாமல் நின்றார்.

"இது அவன் இருந்த ஊரில்லையே."

"இல்லை அம்மா."

"அவன் இருந்த இடத்தைக் காட்டு."

பள்ளத்தின் விளிம்புக்குக் கூட்டிப்போனேன். வேலிக்கு அப்பால் நிலமே இல்லை. நான் கையை நீட்டி வெறும் காற்றில் காட்டினேன். அங்கே குளம். அங்கே தேவாலயம். இந்தப் பக்கம் எங்கள் அறை. என் விரல் போன இடமெல்லாம் அவருடைய கண்ணும் போனது. "எதில ராசா, எனக்கு ஒண்டும் தெரியேல்லையே" என்றார். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். விலாசம் அனுப்பாதது, கடிதம் கிடந்தது, கையெழுத்து.

அவர் ஏசவில்லை. கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு, காற்றைப் பார்த்து ஒரு முழுச் செபமாலை சொன்னார். பிறகு திரும்பி, "குளிருது, போவம் தம்பி" என்றார்.

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிடக் கூப்பிடுவார். மீன் நடுத்துண்டை எனக்குத்தான் வைப்பார். ஆனால் அவர் சாகும்வரை நான் தம்பிதான், மோனை இல்லை.

மதலேனம்மா இப்போது தென் லண்டனில் அடங்கிக் கிடக்கிறார். ஃபிராவ் அக்காவின் வீடு இருந்த உயரத்தில் இப்போது பறவைகள்தான் பறக்கும். கரி தீர்ந்ததும் பள்ளத்தைத் தண்ணீர் விட்டு ஏரியாக்கப் போகிறார்களாம். நாங்கள் போனபோது பெயர்ப்பலகையில் 'புது லிண்டன்ராட்' என்று எழுதியிருந்தது. அங்கே இன்னமும் இருக்கிற நண்பர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் சொன்னார், அந்தப் 'புது'வை எடுத்துவிட்டார்களாம். பழையது ஒன்று இருந்தால்தானே அது தேவை.