படப்பைக்கு ரயில் வந்தது

அக்டோபர் ஐந்து, ஞாயிறு, காலை பத்து மணி இருபது நிமிடம். மேகமூட்டம். மழை வருவதுபோல் பாவனை. வந்தது புழுக்கம் மட்டும். அந்த நேரத்தில்தான் படப்பைக்கு ரயில் விடுவதாக ஏற்பாடு.

சிரிக்காதீர்கள். நான் இங்கே மனை வாங்கியபோது புரோக்கர் ஒரு வண்ண நோட்டீஸ் கொடுத்தார். அதில் நீலமாய் ஒரு ரயில். கீழே, ‘பத்து நிமிட நடையில் ரயில் நிலையம்’. “இன்னும் ரெண்டே வருஷம் சார்!” என்றார். நானும் எண்ணிக்கொண்டே இருந்தேன். வீடு எழும்பியது, தலை நரைத்தது, ஷேர் ஆட்டோ கட்டணம் ஏழு முறை ஏறியது. ரயில்? வரவில்லை. போதும், நாமே விட்டுவிடுவோம் என்று இறங்கிவிட்டேன்.

ஐந்தடிக்கு மூன்றடி பிளைவுட். அதன்மேல் வட்டப் பாதை. தண்டவாளங்களுக்கு இடையே ஒன்பது மில்லிமீட்டர்; எஞ்சினுக்குக் கரண்ட் போவதும் அந்தத் தண்டவாளம் வழியாகத்தான். என் ஆள்காட்டி விரல் நீளத்தில் எஞ்சின், பின்னால் நான்கு பெட்டிகள், தீப்பெட்டி அட்டையில் ஸ்டேஷன். மஞ்சள் பலகையில் கறுப்பில் ‘படப்பை’ என்று எழுத மட்டும் இரண்டு நாள்.

எந்த ரயில் திட்டத்துக்கும் உள்ள சிக்கல் எனக்கும் வந்தது — நிலம். வீட்டில் பிளைவுட் கொள்ளும் ஒரே இடம் சாப்பாட்டு மேசை. அது என் மனைவி சரோஜாவின் ஆளுகைக்கு உட்பட்டது. மூன்று வாரம் பொறுத்தாள். அப்புறம் கெடு வைத்தாள்.

“ஞாயித்துக்கிழமை மதியம் மறைமலை நகர்லேந்து என் தங்கச்சி குடும்பம் சாப்பிட வருது. அவ வீட்டுக்காரரால தரையில உக்கார முடியாது, முழங்கால் வலி. அவங்க வர்றதுக்குள்ள உங்க ரயிலு கை படாம ஒரு சுத்து சுத்திடுச்சுன்னா, பொங்கல் வரைக்கும் மேசை உங்களுக்கு. நாங்க ஹால்ல தட்டைக் கையில வெச்சுக்கிட்டு சாப்பிடறோம். இல்லைன்னா எல்லாம் பரண்ல ஏறிடணும்.”

எனக்கென்ன பயம்? சனிக்கிழமை சாயங்காலம் அவள் கடைக்குப் போயிருந்தபோது ஓட்டிப் பார்த்தேன். ஏழு சுற்று. தும்மல்கூட இல்லை. ஆனால் சாட்சியும் இல்லை.

சாட்சிக்கு இரண்டு பேரை அழைத்தேன். அங்கேதான் தப்பு. மாடியில் குடியிருக்கும் முத்துராஜ், திருநெல்வேலிக்காரர், கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். பக்கத்து வீட்டு ஏழுமலை இந்த மண்ணுக்காரர். இன்னொரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவு.

நான் ஸ்விட்சில் கை வைத்தேன். முத்துராஜ் பதறிவிட்டார்.

“பூஜை போடாம ஸ்டார்ட் பண்ணப்படாது சார்! எங்க கம்பெனியில ஜப்பான்காரரே பொட்டு வச்சுட்டுதான் பட்டனை அமுக்குதாரு.”

ஆயுத பூஜை முடிந்த நான்காம் நாள். அவர் அறையில் சந்தனம், குங்குமம் எல்லாம் மிச்சம் இருந்தது. ஓடிப்போய்க் கொண்டுவந்தார். எஞ்சின் நெற்றிக்குக் காது குடையும் பஞ்சுக் குச்சியால் பொட்டு. “சக்கரமும் மிஷின்தான சார்?” சக்கரத்துக்கும் ஒன்று. “தண்டவாளம் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?” சுற்றுப்பாதை முழுக்கச் சந்தனம், அதன்மேல் குங்குமம். எலுமிச்சம்பழம் எஞ்சினைவிடப் பெரியது. ஏற்றினால் நசுங்கப்போவது எஞ்சின்தான். எனவே கையாலேயே பிழிந்து, தண்டவாளத்தில் தெளித்தார். எவ்வளவு பக்தி! நானும் கண்ணை மூடிக் கும்பிட்டேன்.

ஸ்விட்சைப் போட்டேன். ரயில் ஒரு விரற்கடை நகர்ந்தது. நின்றது.

“இன்னா சார், நவுர மாட்டேங்குது? கரண்ட் கீதா?” என்றார் ஏழுமலை.

“கன்ட்ரோலர்ல லைட்டு எரியுதே,” என்றேன்.

“அப்ப ஒய்-ஒய் போட்டுற வேண்டிதான்.”

தெரியாதவர்களுக்கு: எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஏதாவது நின்றால் ‘ஏன், ஏன்’ என்று ஐந்து முறை கேட்பார்கள். ஐந்தாவது பதிலில் உண்மை அகப்படுமாம். என் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு ஆரம்பித்தார்கள். ஏன் நின்றது? மோட்டார் சுழலவில்லை. ஏன்? கரண்ட் போகவில்லை. ஏன்? வயர் சரியில்லை. வயரை மாற்றினோம், நின்றது. அடாப்டரை மாற்றினோம், நின்றது. வேகத் திருகைக் கடைசிவரை திருப்பினேன்; அப்போதும் நின்றது. ஐந்தாவது ‘ஏன்’ வந்தபோது இருவரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

“எழுதிக்கோ முத்து... ஆபரேட்டருக்கு டிரெய்னிங் பத்தல.”

“ஓய் ஏழுமலை, வயசையும் சேத்து எழுதணும்லா?”

ஆபரேட்டர் நான்தான். வயது எழுபத்தொன்று. முப்பத்தாறு வருடம் தணிக்கைத் துறையில் அடுத்தவர் தவறுகளை எழுதியவன்!

மணி பன்னிரண்டு நாற்பது. சரோஜாவின் போன் அடித்தது. “ஒரகடம் தாண்டிட்டாங்களாம்,” என்றாள். இலைக்கட்டு ஒரு கையில், ஈரத் துணி மறு கையில். மேசையைப் பார்த்தாள்.

“கருமம், இது என்ன பிசுபிசுன்னு? எடுத்தா வழியெல்லாம் கொட்டாது? முதல்ல தொடைக்கணும்.”

தட்டைத் துடைப்பதுபோல் தண்டவாளத்தைச் சுற்றி இரண்டு முறை துடைத்தாள். முந்தானையால் ஒரு முறை உலர்த்தினாள். எஞ்சினைத் தூக்கி, குழந்தைக்குத் துடைப்பதுபோல் அடியிலும் துடைத்து, தண்டவாளத்தில் வைத்தாள்.

திருகு கடைசியில் இருந்ததை நாங்கள் மறந்திருந்தோம். அவள் விரலை எடுப்பதற்குள் ரயில் பறந்தது! படப்பை ஸ்டேஷனில் நிற்காமலே போனது — எந்த ரயில்தான் நம் ஊரில் நின்றிருக்கிறது? ஒரு சுற்று முழுதாக முடித்தது. இரண்டாவது சுற்றின் வளைவில் தடம் புரண்டு, பக்கத்து நாற்காலியில் இருந்த, பொரித்த அப்பளக் கூடைக்குள் இறங்கியது.

“ரூட் காஸ் கெடச்சுட்டு சார்!” முத்துராஜ் குதித்தார். “தண்டவாளத்துல அழுக்கு!”

“குங்குமம்னு எழுதிடப் போற,” என்றார் ஏழுமலை அவசரமாக. “சாமி குத்தம்பா. ‘தூசி’ன்னு போடு.”

நிற்கும் இயந்திரத்துக்கு ஆளைச் சந்தேகிப்போம், வயரைச் சந்தேகிப்போம். நாமே பக்தியோடு பூசியதை மட்டும் எந்த ‘ஏன்’ கேட்கும்?

நான் தொண்டையைச் செருமினேன். “சரோ, கை படாம ஒரு சுத்து. ரெண்டு சாட்சி.”

“சுத்துச்சு. யாரு இல்லைன்னா?” அப்பளத்திலிருந்து எஞ்சினை எடுத்து என் கையில் கொடுத்தாள். “ஆனா ஓட்டினது யாரு?”

சாட்சிகள் இருவரும் கூரையைப் பார்த்தார்கள். சாம்பார் வாசனை அப்படி. வாசலில் கார் ஹாரன் கேட்டது. பிளைவுட்டை நாங்களே தூக்கினோம்.

ஆனால் அது பரண் ஏறவில்லை; ஓட்டியவள் தன் ரயிலைப் பரணில் போட மனமில்லை என்றாள். மறுநாள் ஜன்னலோரத்துக்கு ஒரு மடக்கு மேசை வாங்கினேன். தினமும் மாலை அவள் துடைக்கிறாள், அவளே ஓட்டுகிறாள். நான் கொடியசைக்கிறேன்.

பாதை, எஞ்சின், பெட்டிகள் பதினெட்டாயிரத்து எழுநூற்று நாற்பது; மாற்று நிலம், அதாவது மடக்கு மேசை, மூவாயிரத்து இருநூறு; அப்பளம் அறுபது. படப்பைக்கு ரயில் கொண்டுவர ஆன மொத்தச் செலவு, இருபத்திரண்டாயிரம் ரூபாய்.