மாமா படித்த டச்சு

மலாயாவின் மூவாரில் ரப்பர்க் கிடங்கொன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த என் தாய்மாமாவுக்கு, கடலுக்கு அந்தப் பக்கம் சுமத்ராவில் மேடானில் பெண் பார்த்திருந்தார்கள். பெண் வீட்டார் மகளை இங்கே அனுப்பச் சம்மதிக்கவில்லை. மாப்பிள்ளை அங்கே வேலை தேடிக்கொண்டால் கல்யாணம் என்றார்கள். அது டச்சுக்காரர் ஆளும் ஊர். அதனால் மாமா பழைய பாடப்புத்தகம் ஒன்றை வாங்கி டச்சு படிக்கத் தொடங்கினார். உச்சரிப்பை, அந்தப் பக்கம் போய்வரும் கப்பல்காரர்களிடம் கேட்டுத் திருத்திக்கொண்டார்.

மாலையில் அடுப்படி வாசலில் உட்கார்ந்து பாடம் சொல்வார். கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. இக் வெர்க், நான் வேலை செய்கிறேன். யேய் வெர்க்ட், நீ செய்கிறாய். ஹேய் வெர்க்ட், அவன் செய்கிறான். வேய் வெர்க்கன், நாங்கள் செய்கிறோம். ‘நான்’ என்றால் சொல் மொட்டையாக நிற்கும். ‘நீ’, ‘அவன்’ என்றால் கடைசியில் ஒரு ‘ட்’ ஒட்டும். அவளுக்கும் அதே ‘ட்’தான் என்று மாமா சொன்னபோது அம்மாவுக்குத் திருப்தியில்லை.

“ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே வாலா? என்ன பாஷைடா இது.”

மேடான் தோட்டத்து டச்சுத் துரை ஒருவர் கிடங்குக்கு வந்த அன்று, மாமாவுக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். முதலாளி மாமாவைக் காட்டி நல்ல கிராணி என்றார். துரையும் தலையாட்டினார். மாமா முன்னால் வந்து, தாம் இங்கே வேலை செய்வதையும் அக்கா இதே ஊரில் குடியிருப்பதையும் டச்சில் சொன்னார். ஒரு ‘ட்’கூடத் தவறவில்லை. துரையின் முகம் சிவந்தது. மலாயில் பேசு என்று மலாயிலேயே சொல்லிவிட்டு, முதலாளியின் பக்கம் திரும்பிக்கொண்டார். அதன் பிறகு மாமாவை அவர் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்த மாமா என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“‘ட்’ சரியா விழுந்துச்சா புள்ள?”

“விழுந்துச்சு மாமா.”

“அப்ப எங்கதான் தப்பு விட்டேன்?”

மேடான் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. அதற்குப் பின்னும் நெடுநாள் மாமா அந்த இரண்டு வாக்கியங்களையும் சொல்லிப் பார்த்துத் தப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நானும் கூடச் சேர்ந்து தேடினேன்.

வாழ்க்கைப்பட்டு நானே மேடானுக்குப் போனபோது மாமா உயிரோடு இல்லை. டச்சு நன்றாகத் தெரிந்த நம்மவர்கள்கூட அங்கே துரைமாரிடம் மலாயில்தான் பேசினார்கள். தங்கள் பாஷையை நம் வாயிலிருந்து கேட்க அந்தத் துரைமாருக்குப் பொறுக்காது என்றார் என் கணவர். மாமா பிழையில்லாமல் பேசியதுதான் அன்று துரைக்குப் பொறுக்கவில்லை என்பது, அடுப்படி வாசலில் உட்கார்ந்து தப்பைத் தேடிய எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாமல் போயிற்று.