ஆற்றுக்கு அக்கரைப் புல்வெளி

வெள்ளைவால் மான் வேட்டைக்குத் தெற்குத் தீவுக்குப் போன மகன், சொன்ன நாளில் ஆக்லாந்து திரும்பவில்லை. போனும் வேலை செய்யவில்லை. அவனுடைய வேட்டைக் கூட்டாளி வீட்டுக்கு ஓடி வந்தான்.

"அன்ரி, எந்தப் பக்கம் போனவன்? பொலிசுக்குச் சொல்லவேணும்."

யாரும் வேட்டையாடக்கூடிய அரசாங்கக் காட்டில் மான் வருகிற நல்ல இடத்தைக் கண்டுபிடித்தவன் அதை ஒருவருக்கும் சொல்லமாட்டான். "முக்கியமா என்ர கூட்டாளிக்குச் சொல்லிப்போடாதேங்கோ அம்மா" என்று மகன் என்னிடம் சத்தியமே வாங்கியிருந்தான்.

பிள்ளை உயிரோடு வந்தால் போதும் என்று அழுதுகொண்டே சொன்னேன். "நீங்கள் ரெண்டுபேரும் போற ஏரிக்கு மேல, பாதை முடியிற இடத்தில ஆத்தைக் கடந்தால் ஒரு புல்வெளியாம். தண்ணிக்குப் பயந்து ஆக்கள் போறேல்லையாம்."

ஆறு பெருகியதால் திரும்பமுடியாமல் அக்கரையில் நடுங்கிக்கொண்டிருந்தவனை மறுநாள் மீட்டார்கள். போனில் என் அழுகையைக் கேட்டதும் அவன் முதலில் கேட்டது:

"ஆருக்கம்மா இடத்தைச் சொன்னனீங்கள்?"