தீபா நெத்தியில இருந்த மை

இந்த மாதிரி கதை யாராவது ஆரம்பிச்சாலே எழுந்து போற ஆளுங்க நான். கரண்ட் வேலை பாக்குறவன். லைட்டு அணைஞ்சா ஃபியூஸ் போயிருக்கு, அவ்ளோதான்னு சொல்றவன். நீங்க சிரிப்பீங்கன்னு தெரியும், சிரிச்சிக்கிட்டே கேளுங்க, பரவால்ல.

எங்க வீட்டு மொட்டை மாடியில நின்னா மலை நேரா தெரியும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கார்த்திகை தீபத்தன்னிக்கு, மலையில தீபம் ஏத்தினதும் அகல் ஏத்தலாம்னு திரும்புறோம், மாடிப்படியில ஒரு வெள்ளைப் பூனைக்குட்டி. நெத்தியில மட்டும் கறுப்பா ஒரு பொட்டு. என் வீட்டுக்காரி கல்பனா முந்தானையால தொடைச்சா, போயிடுச்சு. ஏதோ கரின்னு விட்டுட்டோம். தீபான்னு பேரு வச்சா. பொண்ணு சென்னை ஹாஸ்டலுக்குப் போனதுல இருந்து வாயே திறக்காம கெடந்தவ, அந்தப் பூனைகிட்டதான் திரும்பப் பேச ஆரம்பிச்சா.

போன வருஷம், தீபா வந்து ஒரு வருஷம் ஆவுது, கொண்டாடியே ஆவணும்னு பொண்ணு போன்ல ஒரே அடம். "தீபத்தன்னிக்கு வந்தவ, தீபத்தன்னிக்குத்தான் செய்யணும்"னு கல்பனா. கோயில்ல கொடி ஏறிட்டா தீபம் முடியற வரைக்கும் எங்க வீட்ல கவுச்சி கிடையாது, பூனைக்கு என்ன சுண்டலா போட முடியும்? அவ வந்த இங்கிலீஷ் தேதி இந்த வாட்டி கொடியேத்தத்துக்கு முன்னாடியே வந்துச்சு, அன்னிக்கே வச்சிடலாம்னேன்.

சங்கரா மீனை வேகவச்சு, முள்ளெடுத்து, பொண்ணை வீடியோ கால்ல கூப்பிட்டு உக்காந்தா, தீபாவைக் காணோம். கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கு, ஜன்னலுக்கு வலை அடிச்சவனே நான். நம்புனா நம்புங்க, ஒரு எறும்பு போற வழி கிடையாது. பீரோ மேல, கட்டிலுக்கு அடியில, பக்கத்து லாட்ஜ் மாடியிலன்னு தேடாத இடமில்ல. மழையில வண்டியில பூனை பேரைக் கத்திக்கிட்டே போறேன், டீக்கடையில சிரிக்கிறானுங்க. எரிச்சல்னா அப்படி ஒரு எரிச்சல். வீட்டுக்கு வந்தா கல்பனா, "கண்ட நாள்ல செஞ்சீங்க, கோச்சிக்கினு போயிட்டா"ங்கறா. பூனைக்கு நட்சத்திரம் தெரியுமாடின்னு கத்தினேன். அதோட சரி, அவ எங்கிட்டயும் பேசல, பொண்ணு போன் பண்ணாலும் எடுக்கல. மறுபடி பழையபடி ஆயிடுவாளோன்னு எனக்கு பயம்.

தீபம் வந்துச்சு. சாயந்திரம் மாடியில நிக்கிறோம், தெருவே மலையைப் பாத்து நிக்குது. மேல தீபம் தெரிஞ்சுது, அரோகரான்னு ஒரே சத்தம். திரும்புறோம். அதே படியில தீபா. அத்தனை நாள் மழைக்கு ஒரு துளி நனையல, ஒரு சுத்து இளைக்கல. நெத்தியில அதே பொட்டு.

கல்பனா தூக்கி மோந்து பாத்தா. "ஏங்க, இது கரி இல்லீங்க, தீப மை."

நானும் மோந்தேன். மலை மேல கொப்பரையில தீபம் எரிஞ்சு முடிஞ்சப்புறம் சேர்ற மையை மார்கழியிலதான் கோயில்ல குடுப்பாங்க, சின்ன வயசுல இருந்து வச்சிக்கிற மை, அந்த நெய்யும் கற்பூரமும் கலந்த வாசனை எனக்குத் தெரியாதா? ஆனா தீபமே இப்பதான ஏத்தினாங்க, மை எங்கேர்ந்து வந்துச்சு? அதுவும் சும்மா ஒட்டின மாதிரி இல்ல, யாரோ விரலால வச்சிவிட்ட மாதிரி ரேகை பதிஞ்சிருந்துச்சு. ஒரு போட்டோ எடுக்கலாம்னு போனைத் தேடறதுக்குள்ள கல்பனா அழுதுகிட்டே முந்தானையால தொடைச்சிட்டா. அதான் எனக்கு இன்னிக்கும் ஆத்திரம். மச்சான்கிட்ட சொன்னா அடுப்புக்கரிங்கறான், எங்க வீட்ல கேஸ் அடுப்பு.

இதோ மறுபடி கார்த்திகை வருது. நேத்து சாயந்திரம் தீபா என் மடியில வந்து படுத்தா. நெத்தியைத் தடவினேன், மை ஒண்ணும் இல்ல, ஆனா விரல்ல நெய் வாசனை. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தப் போனேன்.

"சாத்தாதீங்க, எப்படியும் போவா"ன்னா கல்பனா.