வீடியோவில் காட்டிய கால்

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. கொத்து வேலையில் ஆணி குத்தி, வலது கால் கட்டைவிரலில் புண். பாகூரிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் தவளக்குப்பத்தில் பஸ் மாற வேண்டும், வரிசையில் கால் கடுக்க நிற்க வேண்டும், இருவருக்கும் அன்றைய கூலி போச்சு. அதனால், போனிலேயே டாக்டரைப் பார்க்கலாம், செலவே இல்லை என்று எங்கள் ஊர் நர்சம்மா சொன்னபோது, அப்பாடா என்றிருந்தது.

முதல் தடவை நன்றாகத்தான் நடந்தது. அடுத்த தடவைக்குள் புண்ணின் ஓரம் கறுத்து, நாற்றம் கிளம்பிவிட்டது.

இங்கேதான் என் பாழாய்ப்போன புத்தி வேலை செய்தது. அவ்வளவு பெரிய டாக்டர் நம் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கப் போகிறார், இந்தக் கோலத்திலா காட்டுவது? வீட்டைப் பெருக்கினேன். அவருக்கு வெளுத்த வேட்டி கொடுத்தேன். காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, மஞ்சளைக் குழைத்துக் கெட்டியாகப் பூசினேன்.

"இன்னாடி, காலுக்குக் கல்யாணமா?" என்று அவர் சிரித்தார்.

"சும்மா காட்டுய்யா. அழுக்கா இருந்தா அவரு இன்னா நெனைப்பாரு?"

டாக்டர் உற்றுப் பார்த்தார். "மஞ்சள் போட்டிருக்கீங்களாம்மா? அடியில கறுத்திருக்கா? நாத்தம் வருதா?"

"அதெல்லாம் இல்லீங்க டாக்டர்."

வீடே நாறுகிறது என்று எந்த வாயால் சொல்வது? டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்து, காய்ச்சல் வந்தால் உடனே நேரில் வரச் சொன்னார்.

ஆறாம் நாள் காய்ச்சல் அனலாகக் கொதித்தது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். "போன வாரமே வந்திருந்தா விரலோட போயிருக்கும்" என்றார் அங்கிருந்த டாக்டர்.

பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அவர் போன் டாக்டரைத்தான் திட்டுவார். "செல்லுல பாத்து இன்னாத்த கிழிச்சான் அவன்?" நான் பேசியதை அவர் பக்கத்திலிருந்து கேட்டவர்தான். ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லித் திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன், பாவி நான்.

போன மாதம் ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். வீடியோ டாக்டரால் ஜனங்களுக்கு எவ்வளவு மிச்சம் என்று கணக்கெடுக்கிறார்களாம்.

"உங்களுக்கு இன்னா மிச்சமாச்சுக்கா?"

"ரெண்டு பேர் பஸ் காசு. ஒரு நாள் கூலி."

"நஷ்டம் எதுனா உண்டா?"

ஸ்பீக்கரில் அவருக்கும் கேட்டது. அவர் கட்டிலிலிருந்து எக்கி என் கையிலிருந்த போனை வாங்கினார்.

"நஷ்டம்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு வைத்தார்.