எக்ஸ் தேடிய வேன்

நேற்று குண்டசாலை பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பிள்ளை கைப்பேசியில் ஏதோ சொல் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தது. எக்ஸ் என்ற எழுத்து வரும் சின்ன ஆங்கிலச் சொற்கள் வேண்டுமாம். ஒரு தட்டுத் தட்டியது, சடசடவென்று கொட்டின. பக்கத்திலேயே அர்த்தம். பொக்ஸ் என்றால் பெட்டி, வெக்ஸ் என்றால் மெழுகு, ஒக்ஸ் என்றால் எருது. பிள்ளை ஒன்றையும் வாசிக்காமல் அடுத்த ஆட்டத்துக்குப் போய்விட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதில் ஒரு சொல்லுக்காக நாங்கள் மரக்கறி லொறி ஒன்றை விரட்டிப் பிடித்திருக்கிறோம்!

அப்போது நான் தெல்தோட்டையிலிருந்து வந்து கண்டியில் அறை எடுத்துத் தங்கி, பல்லேகலவில் ஒரு தையல் ஃபெக்டரி அலுவலகத்தில் வேலை பார்த்தேன். எங்களை ஏற்றிப்போக ஒரு வேன். ஓட்டுநர் சுனில் அண்ணன், சிங்களவர், எங்களை நங்கி, தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அதில் பின் சீட்டில் இருந்தால் எனக்குக் குடல் வாய்க்கு வரும். ஒருநாள் என் சோற்றுப் பார்சல் பையிலேயே வாந்தி எடுத்தேன். அன்று மத்தியானம் பட்டினி. அதனால் ஓட்டுநருக்குப் பக்கத்து முன் சீட் எனக்கு உயிர்ப் பிரச்சினை.

அந்தச் சீட்டுக்குத்தான் திங்கட்கிழமைப் போட்டி. யாராவது ஓர் எழுத்தைச் சொல்வார்கள். அந்த எழுத்து வரும் சின்ன ஆங்கிலச் சொல்லை அர்த்தத்தோடு சொல்ல வேண்டும். வென்றவருக்கு வாரம் முழுக்க முன் சீட். தோற்றவருக்குக் கதவோரத்து மடக்குச் சீட், கதவு திறந்து மூடும் உத்தியோகமும் சேர்த்து. கேள்விப்படாத சொல்லை எல்லாம் அவிழ்த்துவிடப்போய்ச் சண்டை வந்ததால் சுனில் அண்ணன் ஒரு சட்டம் போட்டார். நாங்கள் போகிற பாதையில் அந்தச் சொல் எங்காவது எழுதியிருக்க வேண்டும். "போர்ட் இல்ல, வார்த்த இல்ல நங்கி." அவ்வளவுதான் அகராதி.

முன் சீட்டின் ராணி கணக்குப் பிரிவு தவமணி அக்கா, யாழ்ப்பாணம். ஒரு போர்டையும் விடமாட்டா. அன்று எழுத்து எக்ஸ். அந்த வார மடக்குச் சீட்டுக்காரி பரீதா, வழியில் ஓர் அழகு நிலையத்தைக் காட்டி, "வெக்ஸ், மெழுகு. இந்தா ஈக்குது!" என்றாள். அக்கா மைதானத்துப் பக்கத்து விளம்பரத்தில் சிக்ஸ் பிடித்தா. ஃபெக்ஸ் எல்லாருக்கும் தெரிந்தது, காசு கொடுத்துப் போன் பேசும் கொமியூனிகேஷன் கடை ஒவ்வொன்றின் போர்டிலும் இருந்தது. மிச்சம் இருந்ததை எல்லாம் அள்ளிவிட்டார்கள். கடைசியில் நானும் அக்காவும்தான்.

"ஃபொக்ஸ். நரி," என்றேன்.

"எங்கையடி போர்ட்? காட்டு பாப்பம்."

"லொறியில இருக்குக்கா. தெனம் எதிர்க்க வருமே, மரக்கறி லொறி, அது பின்னால."

"ஓடுற லொறி போர்டே? விசர்க் கதை கதைக்காத."

வாய்ச்சண்டை முற்றியபோது, சத்தியமாக, அந்த லொறியே எதிரே வந்து எங்களைக் கடந்து கண்டிப் பக்கம் போனது. பின்பலகையைப் படங்குத் துணி மூடியிருந்தது. "அண்ணே, திருப்புங்க!" என்று கத்தினேன். சுனில் அண்ணனும் லேசுப்பட்டவரில்லை. நீதிபதி நேரில் பார்த்துத்தானே தீர்ப்புச் சொல்ல வேண்டும்! வேனைத் திருப்பிவிட்டார்.

தென்னக்கும்புரப் பாலம் வரை ஹோர்ன், கூச்சல், கைதட்டல். பரீதா மடக்குச் சீட்டிலிருந்து உருண்டு விழுந்து அங்கிருந்தே சிரித்தாள். பாலத்து நெரிசலில் லொறி மாட்டியது. லொறிக்காரர் பயந்துபோய் இறங்கினார்.

"என்னாங்க, மூட்ட விழுந்திருச்சா?"

"ஒன்னும் விழல. ஒங்க நரியக் காட்டுங்க!"

அந்த மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு படங்கைத் தூக்கினார். சிவப்பு எழுத்தில் ஃபொக்ஸ்! கீழே ஒரு படம்.

"உது நரியே? நாய்க்குட்டியெல்லே," என்றா அக்கா.

"படத்த விடு. எழுத்து ஹரி, சரிதான்," என்று சுனில் அண்ணன் தீர்த்துவிட்டார்.

ஃபெக்டரி கேட் மூடியிருந்தது. ஏன் பிந்தியது என்று காவலாளி கேட்டதற்குப் பரீதா, "நரி பாக்கப் போன" என்று உண்மையைச் சொன்னாள். எல்லாருக்கும் அரை நாள் லீவு வெட்டினார்கள். ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை, சிரிப்பு விட்டால்தானே.

மறுநாள் முன் சீட்டில் ஏறினேன். ஏறிய பிறகுதான் தெரிந்தது, அந்த வேனுக்கு எஞ்சினே அந்தச் சீட்டுக்கு அடியில். தோசைக்கல்! அக்கா இத்தனை காலமும் ஒரு துவாயை மடித்துப் போட்டு, மூச்சு விடாமல் இருந்திருக்கிறா. நானும் வெந்தபடி வாரம் முழுக்க இருந்தேன். இறங்குவேனா?

இப்போது அந்த வேன் இல்லை, ஃபெக்டரியும் மூடியாகிவிட்டது. சுனில் அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா கனடாவில். நேற்று பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அவவுக்கு அழைத்தேன். சுகம்கூட விசாரிக்கவில்லை.

"அக்கா, எக்ஸ். ஃபெக்ஸ், தொலைநகல்."

உடனே வந்தது அந்தப் பழைய குரல்: "எங்கையடி போர்ட்? காட்டு பாப்பம்."

நான் நின்ற இடத்திலிருந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தேன். கொமியூனிகேஷன் இருந்த இடமெல்லாம் கைப்பேசிக் கடை. ஒரு போர்டிலும் அந்தச் சொல் இல்லை.

"இல்லக்கா."

"அப்ப கதவைத் திற," என்றா.